தகரம் அடித்த தெருக்கள்

கொரோனாப் பெருந்தொற்றின் கொடுமை தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்ட பிறகும், அந்தக் காலத்தில் சென்னைத் தெருக்களில் ஜனங்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரே விதமான தீர்ப்பு வழங்கப்படுவதைக் கேட்டு வருகிறேன். "நம் ஜனங்களுக்குக் கட்டுப்பாடு என்பதே கிடையாது, அடித்தால்தான் அடங்குவார்கள்" என்பது அந்தத் தீர்ப்பு. ஊரடங்குக்கு முதல் நாள் சந்தையில் முண்டியடித்ததும், காய்ச்சலை மறைத்ததும், ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்ததும், சிகிச்சை அளித்து மாண்ட மருத்துவரின் சடலத்தைப் புதைக்கவிடாமல் விரட்டியதும் எல்லாம் ஒரே குற்றத்தின் பல உருவங்களாக அதில் அடுக்கப்படுகின்றன. இவற்றில் மன்னிக்க முடியாத செயலும் உண்டு. முழுக்க முழுக்க நியாயமான செயலும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கட்டி, பொதுஜனம் என்ற ஒரு குற்றவாளியின் தலையில் சுமத்துவது சரியன்று என்பதும், அப்படிச் சுமத்திவிட்டால் அடுத்த கொள்ளைநோய் வரும்போது அதே பிழைகளை அதே வரிசையில் நாம் செய்யப்போகிறோம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

2020 மார்ச் 7ஆம் தேதி, ஓமன் நாட்டிலிருந்து திரும்பியிருந்த காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குத் தொற்று இருப்பதாக அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் எண்ணிக்கை ஒன்று. ஆகையால் அது ஒரு மனிதராகவே இருந்தது. அவர் குணமடைந்து வீடு திரும்பினார் என்ற செய்தியைக் கேட்டு, அவர் பெயரும் தெரியாத ஜனங்கள் உள்ளபடியே மகிழ்ந்தார்கள். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து, மாலைதோறும் சுகாதாரத் துறைச் செயலாளர் தொலைக்காட்சியில் தோன்றி அன்றைய கணக்கை வாசிப்பதும், வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அதைக் கேட்பதும் ஒரு நித்திய கர்மமாகிவிட்ட பிறகு, அந்த எண்ணிக்கைக்குள்ளிருந்து மனிதர் மறைந்து, முதலில் மாவட்டமும், பிறகு மாநகராட்சியின் மண்டலமும், கடைசியில் தெருவும் வந்து உட்கார்ந்துகொண்டன. சென்னை மாநகராட்சிக்குப் பதினைந்து மண்டலங்கள் உண்டென்பதையும், தாம் குடியிருப்பது எந்த மண்டலத்தில் என்பதையும் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான். "ராயபுரம் இன்னைக்கு எத்தனை?" என்பது தேநீர்க் கடை மூடியிருந்த அந்த நாட்களில் மாடிக்கு மாடி கேட்கப்பட்ட கேள்வி.

வடசென்னையின் ராயபுரத்தில் எண்ணிக்கை ஏன் ஏறியது என்பதற்கு அங்கே வாழ்ந்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஒரே கூரையின் கீழ் பல குடித்தனங்கள், பொதுக் கழிப்பிடம், தெருக்குழாய் அல்லது லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருத்தல், ஆறு பேர் படுக்கும் ஒரே அறை, அந்த அறைக்குச் சன்னல் இருந்தால் அதிர்ஷ்டம் என்ற நிலை ஆகிய இவையெல்லாம் சேர்ந்த ஓரிடத்தில், மூச்சுக்காற்றால் பரவும் நோய் பரவாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மாலையில் வாசிக்கப்பட்ட பட்டியலில் மண்டலத்தின் பெயரும் எண்ணும் மட்டுமே இருந்தன. குழாயும் கழிப்பிடமும் இல்லை. காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், கேட்பவர் காரணத்தைத் தாமே கற்பித்துக்கொள்வார். அப்படிக் கற்பித்துக்கொள்ளும் காரணம் பெரும்பாலும் அடுத்தவரின் குணக்கேடாகவே இருக்கும். தென்சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வடசென்னையிலிருந்து வந்து பாத்திரம் தேய்த்த பெண்களை மின்தூக்கியில் ஏற்றக்கூடாதென்று தீர்மானம் போட்டவர்கள் இந்தப் பட்டியலைக் கேட்டவர்களே.

இதைவிடக் கொடிய கற்பனையும் நடந்தது. மார்ச் மாத இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், டெல்லியில் நடந்த ஓர் இஸ்லாமியச் சமயக் கூட்டத்திற்குச் சென்று திரும்பியவர்களின் எண்ணிக்கை தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டது. பிற்பாடு அரசே அதன் தீமையை உணர்ந்து, அந்தக் கூட்டத்தின் பெயரைக் கைவிட்டு, ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்று என்று பொதுவாகக் குறிப்பிடத் தொடங்கியது. அது செய்யத்தக்க காரியம்தான். ஆயினும் அதற்குள், அந்தக் கூட்டத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத பழ வண்டிக்காரரும், பிரியாணிக் கடைக்காரரும், பாய் என்று அன்போடு அழைக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்ந்தவர்களும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள். அதே சமயத்தைச் சேர்ந்த தன்னார்வத் தொண்டர்கள், பின்னர் நோய் உச்சத்துக்குப் போனபோது, பெற்ற பிள்ளைகளே கிட்ட வர அஞ்சிய சடலங்களைச் சுமந்து சென்று, இந்துவை இந்துவின் முறைப்படியும் கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரின் முறைப்படியும் அடக்கம் செய்ததை நாடு பார்த்தது. அவர்களுக்கு நாம் செய்த அவமதிப்பு ஒரு மாலை நேர அறிக்கையின் இரண்டு வரிகளிலிருந்து பிறந்ததென்பதை, எண்களை வெளியிடும் அதிகாரம் படைத்த எவரும் மறக்கலாகாது.

மன்னிக்க முடியாத செயல் என்று நான் சொன்னது, 2020 ஏப்ரல் 19ஆம் தேதி இரவு நடந்தது. நரம்பியல் அறுவைச் சிகிச்சை வல்லுநரான டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றினால் இறந்துபோக, அவருடைய உடலை முதலில் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோய், அங்கே எதிர்ப்பு எழுந்ததால் வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுசென்றபோது, ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. ஆம்புலன்ஸின் கண்ணாடி நொறுங்கியது. உடன் வந்தவர்களின் மண்டை உடைந்தது. நள்ளிரவுக்குப் பிறகு அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர், மருத்துவமனை ஊழியர் இருவரோடு திரும்பி வந்து, தம் கையாலேயே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். உயிர் காக்கும் தொழிலில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவருக்கு நாம் கொடுத்த ஆறடி மண் அப்படிக் கொடுக்கப்பட்டது. இதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். புதைத்த உடலிலிருந்து தொற்று மண்ணில் இறங்கித் தண்ணீரில் கலந்து வராது என்ற செய்தியை, இடுகாட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம் அதற்கு முன் யார் போய்ச் சொன்னார்கள்? ஒரு வாரத்துக்கு முன்பே, ஆந்திரத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவரின் உடலைத் தகனம் செய்ய அம்பத்தூரில் எதிர்ப்பு எழுந்திருந்தது, எச்சரிக்கை கிடைத்துவிட்டது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம், ஏப்ரல் மாதம் முடிவதற்குள் பிறப்பிக்கப்பட்டுவிட்டது. வார்டு தோறும் ஒரு சுகாதார ஆய்வாளரும், அந்தப் பகுதியில் நம்பிக்கை பெற்ற ஒரு பெரியவரும் போய் நின்று, அரை மணி நேரம் பேசி விளக்கும் ஏற்பாடு அவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்யப்படவில்லை.

இதோடு ஒப்பிட்டால், கோயம்பேட்டில் கூடிய ஜனங்களின்மேல் சுமத்தப்பட்ட பழி முற்றிலும் வேறு ரகத்தைச் சேர்ந்தது. ஏப்ரல் 24ஆம் தேதி, சென்னை, மதுரை, கோவை ஆகிய மாநகரங்களில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மளிகைக் கடையும் காய்கறிக் கடையும்கூடத் திறக்கமாட்டா என்று சொல்லப்பட்டது. இடையில் இருந்தது 25ஆம் தேதி என்ற ஒரே ஒரு நாள். அந்த நாளின் காலையில், கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் இடம்பெயர்ந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளோடு மாநகரம் முழுமைக்கும் சோறிடும் அந்தப் பெருஞ்சந்தையில், தோளோடு தோள் உரச ஜனங்கள் நின்ற படங்களைப் பார்த்து, பொறுப்பற்றவர்கள் என்று நாடே ஏசியது. நான்கு நாளுக்கு வேண்டிய காய்கறியைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவைக்க வசதி படைத்தவர்கள் ஏசியதுதான் அதில் வேதனை. அன்றைய கூலியை அன்றைக்கே அரிசியாக்கும் குடும்பத்துத் தலைவியின் இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்தால், மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் பையை எடுத்துக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு எந்த விவேகம் அவளுக்கு இருந்திருக்கும்? அவள் ஓடாமல் இருந்திருந்தால்தான் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவளாவாள். அத்தனை பேரை ஒரே நாளில் ஒரே வாசலுக்கு அனுப்பியது அவகாசம் கொடாத அந்த உத்தரவு.

அதன் பலன் மே மாதத்தில் தெரிந்தது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. சில நாட்களில் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வேலை போன மூட்டைத் தூக்கும் தொழிலாளர்கள், லாரிகளிலும் கால்நடையாகவும் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பினார்கள். அந்த மாவட்டங்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. ஊரில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் "கோயம்பேடு". கோயம்பேட்டிலிருந்து வந்தவர் என்றுகூட முழுதாகச் சொல்லவில்லை. கோயம்பேடு வந்திருக்கிறது, கோயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றே பேசினார்கள். ஆண்டுக்கணக்கில் தலையில் மூட்டை சுமந்து, மாதாமாதம் பணம் அனுப்பி, அந்த ஊரில் ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்றிய பிள்ளை, ஊர் எல்லையில் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டான். ஊராரின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி என்பதே இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிராமத்துக்கு, எல்லையை அடைப்பதைவிட வேறு மருந்து தெரிந்திருக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில், மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டு, அவற்றின் முன் மைல் கணக்கில் வரிசை நின்றதையும், மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு மூடச் சொன்னதையும், பிறகு உச்ச நீதிமன்றத்தின் தடையைப் பெற்று அவை மறுபடியும் திறக்கப்பட்டதையும் அந்தக் கிராமத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்கறிக்குக் கூடுவது குற்றம், மதுவுக்குக் கூடுவது வருவாய் என்றால், கட்டுப்பாட்டின் நியாயத்தை அவர்களுக்கு எந்த முகத்தோடு எடுத்துச் சொல்வது?

இனி, தகரத்துக்கு வருகிறேன். தொற்று கண்ட வீட்டின் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற ஒட்டுவில்லையை ஒட்டுவதும், வாசலிலோ தெருமுனையிலோ சவுக்குக் கட்டைகளை நட்டுத் தகரத் தகடுகளை அடித்து மறைப்பதும் அந்த வேனிற்காலத்தில் சென்னையெங்கும் நடந்தன. நோய் பரவாமல் தடுக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தின் பேரில்தான் அதிகாரிகள் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது உண்டாக்கிய விளைவை நான் நேரில் கண்டேன். ஜூன் மாதத்தில், புளியந்தோப்பை அடுத்த ஒரு சந்தில், மாநகராட்சியின் களப்பணியாளரான ஓர் இளம்பெண், கையில் நோட்டும் வெப்பமானியுமாக வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஆயா, வூட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. எல்லாரும் நல்லாத்தான் கீறோம்."

சொல்லி வாய் மூடுவதற்குள், உள்ளேயிருந்து வறட்டு இருமல் ஒன்று, அடக்க அடக்க அடங்காமல் வந்தது. கிழவி நிலைப்படியை மறைத்தாற்போல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றாள். அந்தப் பெண் நோட்டில் எதையும் எழுதவில்லை, அதட்டவும் இல்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, இரண்டடி தள்ளித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆயா, நானும் இந்தத் தெரு பொண்ணுதான. மாத்திரை குடுப்பாங்க, மூச்சு எப்படி இருக்குன்னு பாப்பாங்க. முத்திப்போச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கிழவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "எனுக்குப் பயம் நோவு இல்ல கண்ணு. தகரம் அடிச்சா எங்க வூட்டுக்கு மட்டுமா அடிக்கிறாங்க? இந்த வரிசையே பூட்டிடுவாங்க. பக்கத்து வூட்டுக்காரன் ஆட்டோ ஓட்றான், அவன் பொண்டாட்டி வூட்டு வேலைக்குப் போறா. எங்களால அவங்க சோறு போச்சுன்னா, நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அந்தச் சொற்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நோயை மறைத்தவர்கள் சமூக உணர்வு அற்றவர்கள் என்று நாம் எழுதினோம், பேசினோம். அந்தக் கிழவி மறைத்தது முழுக்க முழுக்கச் சமூக உணர்வினால். தன் மகனுடைய காய்ச்சல் அண்டை வீட்டாரின் அடுப்பை அணைத்துவிடக்கூடாதே என்ற கவலையே அவளைப் பொய் சொல்லவைத்தது. ஒருவருக்கு வந்த நோய்க்காக ஒரு வரிசையே தண்டிக்கப்படும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, பிறகு நோயை ஒளிக்கிறார்களே என்று அங்கலாய்ப்பதில் பொருளில்லை. உச்ச நீதிமன்றம், 2020 டிசம்பர் 9ஆம் தேதி, தகுதிவாய்ந்த அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் குறிப்பாக உத்தரவிட்டாலன்றி நோயாளிகளின் வீட்டு வாசலில் இத்தகைய அறிவிப்புகளை ஒட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. வழக்கின் விசாரணையின்போது, அப்படி ஒட்டப்பட்ட வீட்டில் இருப்போர் தீண்டத்தகாதவர்போல் நடத்தப்படுவதை நீதிபதிகள் சுட்டிக்காட்டியிருந்தார்கள். தீர்ப்பு வந்தபோது முதல் அலை ஓய்ந்துவிட்டிருந்தது.

வீட்டு வாசலில் நோயின் அடையாளத்தை வைப்பது நம்மவர்களுக்கு அந்நியமான வழக்கமன்று என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். அதைக் கண்டவர் படியேறமாட்டார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகமாட்டார். இளநீரும் நுங்கும் கூழும் திண்ணையில் வந்து இறங்கும். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள். அந்த வீட்டார் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை தாமாகவே ஒதுங்கியிருப்பார்கள். எந்தப் போலீஸ்காரரும் நின்று காவல் காத்ததில்லை. அம்மையைத் தெய்வமாகக் கொண்ட நம்பிக்கை, தடுப்பூசிக்கு ஒரு காலத்தில் தடையாகவும் நின்று, ஏராளமான உயிர்களைப் பலிகொள்ள இடங்கொடுத்தது என்பதை நான் மறைக்கவில்லை. பெரியம்மையை உலகைவிட்டு ஓட்டியது ஊசியே. ஆயினும் ஒதுங்கியிருத்தல் என்ற ஒழுக்கத்தை நம் ஜனங்கள் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது என்றும், அது தடியால்தான் கற்பிக்கப்பட முடியும் என்றும் சொல்வோர் இந்த வேப்பிலையை மறந்துவிட்டார்கள். வேப்பிலையைச் செருகுவது அந்த வீட்டாரின் கை. தகரத்தை அடிப்பது வெளியார் கை. வேப்பிலைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குக் கூழ் போயிற்று. தகரத்துக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் பால் பாக்கெட் வருமா என்பது அந்தந்தப் பகுதி ஊழியரின் மனத்தைப் பொறுத்திருந்தது.

தடியைப் பற்றிப் பேசும்போது சாத்தான்குளத்தைக் கடந்து போக முடியாது. 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கில் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குப் பிறகும் கைப்பேசிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகக் காரணம் கூறி, ஜெயராஜ் என்ற தந்தையையும் பென்னிக்ஸ் என்ற மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 22ஆம் தேதி மகனும் மறுநாள் தந்தையும் இறந்துபோனார்கள். கட்டுப்பாட்டைக் காக்கும் கைக்கே ஒரு கட்டுப்பாடும் இல்லாமற்போனால் அதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை அந்தச் சிற்றூர் நமக்குக் காட்டியது. ஊரடங்கின் முதல் வாரங்களில், சாலையில் போனவர்களைத் தோப்புக்கரணம் போடவைத்தும் லத்தியால் அடித்தும் எடுத்த படங்களைக் கைப்பேசியில் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் ஏராளம்; அந்தச் சிரிப்பு அங்கே போய் முடிந்தது.

ஜனங்களைச் சந்தேகிக்கும் இந்த மனப்பான்மை ஒரு பழைய சட்டத்தோடு நமக்கு வந்து சேர்ந்தது. பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கில அரசு 1897இல் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டமே 2020இலும் நம் அரசுகளின் கையிலிருந்த ஆயுதம். புனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்டதும், அதனால் மூண்ட கோபத்தில் பிளேக் அதிகாரி ராண்ட் கொல்லப்பட்டதும் அதே 1897ஆம் ஆண்டின் சம்பவங்கள். நமக்கு நல்லதொரு முன்மாதிரியும் வீட்டிலேயே இருந்தது: இந்தியாவிலேயே முன்னோடியான 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். தண்ணீர், கழிவு, உணவு, நோய் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சிந்தித்த சட்டம் அது. 2020 செப்டம்பரில் அதற்குச் செய்த திருத்தம், முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கும் வகையறாவைச் சேர்ந்தது.

எண்ணிக்கையை மறைத்தது ஜனங்கள் மட்டுமல்லர் என்பதையும் சொல்லவேண்டும். 2020 ஜூலை 22ஆம் தேதி, அதற்கு முந்தைய மாதங்களில் சென்னையில் நேர்ந்து, கணக்கில் சேராமல் விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சியின் மரணப் பதிவேட்டுக்கும் சுகாதாரத் துறையின் அறிக்கைக்கும் பொருத்தமில்லை என்று பத்திரிகைகள் எழுதி, குழு அமைத்து ஆராய்ந்த பின் வந்த திருத்தம் அது. திருத்திக்கொண்டதைப் பாராட்டலாம். ஆனால் அந்த 444 வீடுகளிலும் அதற்கு முன்பே பால் தெளித்து, படையல் போட்டு, காரியம் நடந்து முடிந்திருந்தது. அந்தத் தெருக்காரர்களுக்குத் தங்கள் தெருவில் யார் எதனால் இறந்தார் என்பது தெரியும். தாம் கண்ணால் கண்ட சாவு மாலை அறிக்கையில் இல்லை என்று அறிந்தவர், மறுநாள் அந்த அறிக்கை சொல்லும் எச்சரிக்கையையும் நம்பமாட்டார். ஜூன் 15ஆம் தேதி, சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களின் பகுதிகளிலும் 19 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டபோது, மூட்டை முடிச்சோடு இருசக்கர வாகனங்களில் செங்கல்பட்டை நோக்கிச் சாரிசாரியாகப் போனவர்கள், சுங்கச்சாவடியில் மின்-அனுமதிச் சீட்டு இல்லையென்று மடக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் இந்த நம்பிக்கையின்மையினாலேயே போனார்கள். உள்ளே இருந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பார்த்துக்கொண்ட இடங்களும் உண்டு; அங்கெல்லாம் ஜனங்கள் கட்டுப்பட்டார்கள். நியாயவிலைக் கடையில் நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தபோது, தரையில் போட்ட வட்டத்துக்குள் நின்று வாங்கிப்போனவர்கள், கோயம்பேட்டில் முண்டியடித்தவர்களின் உடன்பிறப்புகளே. அம்மா உணவகங்களில் சில வாரங்கள் இலவசமாகச் சோறு போட்டபோது வரிசை குலையவில்லை. தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்களுக்கு, முதலில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், முகாமுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையோடு திரும்பி வந்ததைப் பார்த்தபின் தாமாகவே போனார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் நாளொன்றுக்குத் தொற்று 36,000ஐத் தாண்டி, 24ஆம் தேதி முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு வந்தபோது, காய்கறியும் பழமும் ஏற்றிய வண்டிகளை அரசே தெருவுக்கு அனுப்பியது. விலை, தரம், வண்டி வராத சந்துகள் என்று குறைகள் இருந்தன. அதற்கு முந்தைய இரண்டு நாள் கடைகளில் நெரிசலும் இருந்தது. ஆயினும் வாசலுக்கு வண்டி வரும் என்று நம்பியவர்கள் வாசலைத் தாண்டவில்லை. ஓராண்டுக்குள் அரசு கற்றுக்கொண்ட பாடம் அது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள், கட்டுப்பாடற்றவர்கள் என்று நாம் ஏசிய அதே ஜனங்கள்.

ஆகையால் நான் கேட்பது இது. மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், ஒரு வீட்டையோ தெருவையோ மூடும் எந்த உத்தரவும், அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் சோறும் மருந்தும் இழந்த கூலியும் யார் மூலம், எந்த நாளில், எவ்வளவு என்று அதே தாளில் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என ஒரு பிரிவைச் சேர்க்கவேண்டும். கடைகளை மூடும் அறிவிப்புக்கும் மூடும் நாளுக்கும் இடையே ஜனங்கள் பகுதி பகுதியாகப் பொருள் வாங்க அவகாசம் தரவேண்டும். எண்ணிக்கையை வெளியிடும்போது, எத்தனை பேருக்குக் குணமாயிற்று, எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன, காய்ச்சல் வந்தால் எந்தத் தெருவில் யாரைக் கேட்பது என்பவற்றையும் சேர்த்தே வெளியிடவேண்டும். சமயத்தின் பெயரோ சந்தையின் பெயரோ அதில் ஒருபோதும் வரலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, புளியந்தோப்புச் சந்தில் தரையில் உட்கார்ந்த அந்தப் பெண்ணைப் போன்றவர்களை நாம் கைவிடக்கூடாது. அன்றைக்கு அந்தக் கிழவி கடைசியில் வழிவிட்டாள். பையனை வெளியே அழைத்துவந்து காட்டினாள். சட்டமோ தகரமோ செய்யாத அந்தக் காரியத்தை, இந்தத் தெருப் பெண் என்ற ஒரே தகுதி செய்தது. அவளைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு, அலை ஓய்ந்ததும் அனுப்பப்பட்டார்கள். அந்த நெருக்கடியில் பணியில் சேர்ந்த செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்ததென்று நிறுத்தப்பட்டு, சாலையில் அமர்ந்து போராடவேண்டியிருந்தது. டெங்குவும் காலராவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எட்டிப் பார்க்கும் மாநகரத்தில், வார்டுக்குப் பத்துப் பேராவது அந்த வார்டிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள், நிரந்தரச் சம்பளத்தில், கையில் நோட்டோடு ஆண்டு முழுவதும் வீடு வீடாகப் போய்வர வேண்டும். மாநகராட்சியின் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.